மழைக்குப் பின் தார்ச்சாலை பெயர்கிறதா? அறிகுறி பார்த்து நீர் புகுந்த வழியைக் கண்டுபிடித்தல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு சென்னையில் எந்தப் பகுதியில் நடந்தாலும் ஜல்லி சிதறிய தெருக்களும், சக்கரத்தடத்தில் வரிசையாகக் குழிகளும் கண்ணில் படும். “தார் மட்டம்” என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். மேலே இன்னொரு 30 மி.மீ. அடுக்கு போடுவார்கள், அடுத்த நவம்பரில் அதே இடம் மறுபடி பெயரும். காரணம் எளிது. நீர் எந்த வழியாக வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மேலிருந்து வந்ததா, கீழிருந்து ஊறியதா, தார்க்கலவை தயாரிக்கும் பிளான்ட்டிலிருந்து கலவையோடு சேர்ந்தே வந்ததா என்பதைப் பொறுத்து மருந்து முற்றிலும் மாறும். ஒன்றுக்குச் சரியான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும்.

கல்லின் பரப்புக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் நெருக்கம் அதிகம். குவார்ட்ஸும் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் நிறைந்த அமிலத்தன்மைக் கற்களில் இது இன்னும் கூடுதல், சுண்ணாம்புக்கல்லில் குறைவு. சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் கருங்கல்லில் பெரும்பங்கு சார்னோக்கைட் வகை. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை இதுதான். உடையாமல் தேயாமல் நிற்கும் அருமையான கல், ஆனாலும் அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவாரிக்குக் குவாரி கல்லிலிருந்து தார் உரியும் தன்மை மாறுவதால், போன வேலைக்குத் தேறிய முடிவை இந்த வேலைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

நீர் இரண்டு விதமாகப் பலத்தைக் குறைக்கிறது. ஒன்று, கல்லுக்கும் தாருக்கும் இடையில் நுழைந்து ஒட்டைப் பிரிக்கிறது; இதைத்தான் உரிதல் என்கிறோம். மற்றது, தாரும் நுண்தூளும் சேர்ந்த பசைக்குள்ளேயே ஊறி அதை இளக்குகிறது. இரண்டையும் வேகப்படுத்துவது வண்டிச் சக்கரம். நீர் நிறைந்த இடைவெளியின் மீது லாரி ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, இறங்கும்போது உறிஞ்சல் ஏற்படுகிறது. பஸ் நிறுத்தத்திலும் சிக்னல் முனையிலும் சாலை முதலில் கெடுவதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில் கோர் எடுங்கள்

கோர் என்பது சாலையைத் துளைத்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி. கெட்ட இடத்தில் 2, கெடாத இடத்தில் 1 என்று 100 அல்லது 150 மி.மீ. விட்டத்தில் கோர் எடுங்கள். கெடாத இடத்துக் கோர் இல்லாமல் ஒப்பிட முடியாது. எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கோர் முழுதாக வருகிறதா, அடுக்கு அடுக்காகப் பிரிகிறதா, அடிப்பகுதி உதிரி ஜல்லியாக வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். துளைக்கும் கட்டருக்குத் தண்ணீர் ஓடுவதால் கோரின் ஈரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஈர அளவு வேண்டுமென்றால் பக்கத்தில் உளியால் உலர்வாக வெட்டி, உடனே பாலித்தீன் பையில் கட்டுங்கள்.
2. துளையின் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோரில் உதிர்ந்துபோன பகுதி எந்த ஆழத்தில் இருந்தது என்பதைச் சுவர் காட்டும்.
3. துளையில் நின்ற தண்ணீரை முழுக்கத் துடைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். மறுபடி ஊறுகிறதா? பக்கவாட்டிலிருந்தா, அடியிலிருந்தா?
4. ஊறிய நீரில் குளோரின் சோதனைச் சொட்டு விடுங்கள். நிறம் மாறினால் குடிநீர்க் குழாய்க் கசிவு என்று கிட்டத்தட்ட உறுதி. மாறாவிட்டால் குழாய்மேல் குற்றமில்லை என்று ஆகாது. மண்ணில் ஊறி வரும்போது குளோரின் தீர்ந்துபோகும். இந்தச் சோதனை செய்வதாக இருந்தால் கட்டருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கடைக் கசிவுக்கு மூக்கே போதும்.
5. கோரைப் பிளந்து புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். கட்டர் அறுத்த பக்கம் எப்போதும் நன்றாகவே தெரியும். வெறுமையாகத் தெரியும் கல் எல்லாம் உரிந்த கல் அல்ல. பிளக்கும்போது உடைந்த கல்லில் படிகங்கள் கூர்மையாக மின்னும். தார் உரிந்த கல் மங்கலாக, பழுப்புக் கறையோடு, பழைய விளிம்போடு இருக்கும்.

பிறகு கோரின் காற்றிடைவெளியை (கன அளவில் எத்தனை சதவீதம் காற்று என்பதை) ஆய்வகத்தில் அளந்து வாங்குங்கள். கிட்டத்தட்ட எல்லா அறிகுறிக்கும் இந்த எண் தேவைப்படும்.

மேல்பரப்பில் ஜல்லி ஒவ்வொன்றாகப் பெயர்கிறது. கோரின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறது

நீர் மேலிருந்து போயிருக்கிறது. பெரும்பாலும் உருட்டல் போதவில்லை. பிட்டுமினஸ் கான்கிரீட் எனப்படும் மேல் அடுக்குத் தார்க்கலவையின் வடிவமைப்பில் காற்றிடைவெளி 3 முதல் 5 சதவீதம். சாலையில் போட்டு உருட்டியதும், அதிகபட்சக் கோட்பாட்டு அடர்த்தியில் (காற்றே இல்லாத கலவையின் அடர்த்தி) குறைந்தது 92 சதவீதம் வர வேண்டும், அதாவது இடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 முதல் 12 சதவீதம் வரைதான் மிக ஆபத்தான பகுதி: நீர் உள்ளே போகும் அளவுக்குத் திறப்பு இருக்கும், வெளியேறும் அளவுக்கு இருக்காது. அதைவிட மிகத் திறந்த அடுக்கில் நீர் வடிந்துவிடும், மிக இறுகிய அடுக்கில் நுழையவே முடியாது.

நகரத் தெருக்களில் 30, 40 மி.மீ. அடுக்கு இரவில்தான் போடப்படுகிறது. மெல்லிய அடுக்கு வேகமாக ஆறும். வி.ஜி.-30 என்ற பாகுநிலைத் தரத் தாருக்குப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸும், உருட்டும்போது குறைந்தது 90 டிகிரியும் வேண்டும், இன்னும் கெட்டியான வி.ஜி.-40 தாருக்கு 150, 100. டிப்பர் நெரிசலில் நின்றால் மேலே தார்ப்பாய் போட்டிருந்தாலும் ஓரத்துக் கலவை கட்டிதட்டிவிடும். அந்தக் கட்டிகள் விழுந்த இடத்தில்தான் பின்னால் ஜல்லி பெயரும். பெயர்ந்த திட்டுகள் ஒரே சீரான இடைவெளியில் வந்தால் ஒரு டிப்பர் லோடுக்கு எத்தனை மீட்டர் ஓடியது என்று கணக்குப் பார்த்து ஒப்பிடுங்கள். பொருந்தினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இந்த ஒரு அறிகுறிக்குத்தான் மேல்பூச்சு உதவும். அடுக்கின் அடி கெட்டியாக இருந்து, பரப்பு மட்டும் திறந்திருந்தால், நன்கு உலர்ந்த ஜனவரி முதல் மே வரையிலான நாட்களில் ஸ்லரி சீல் (நீரில் கலந்த தாரும் நுண்கல்லும் சேர்ந்த குழம்பு) போன்ற பூச்சு நீர் வழியை அடைக்கும்.

மேலே நன்றாக இருக்கிறது, கோரின் அடியில் உதிரி ஜல்லி

இதுதான் ஆபத்தான நோய். உரிதல் பெரும்பாலும் அடுக்கின் அடியில் தொடங்கி மேலே ஏறும்; மேலே தெரியும்போது பாதி அடுக்கு போயிருக்கும். இடையில் தெரியக்கூடிய அடையாளங்கள் இரண்டு. ஒன்று, வெடிப்பு வழியே சாம்பல் நிற அல்லது வெள்ளைச் சேறு கசிந்து காய்ந்து மாவுபோல் படிவது. அடியிலிருந்து நுண்தூளைச் சக்கரம் பம்ப் செய்து வெளியே தள்ளுகிறது. மற்றது, சக்கரத்தடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுத்துப் பளபளக்கும் தார்த் திட்டு. அடியில் உரிந்த தார் மேலேறி வந்து அப்படித் தேங்குகிறது. இதைத் தார் அதிகமாகிவிட்ட கலவை என்று நினைத்து அடுத்த வேலையில் தாரைக் குறைத்தால் நோய் இரட்டிப்பாகும். வேறுபாடு இதுதான்: தார் அதிகமானால் தடம் முழுக்க நீளமாகக் கசியும், வெயில் காலத்தில் வரும். உரிந்த தார் திட்டுத் திட்டாக, மழைக்காலத்தை ஒட்டி வரும். அந்தத் திட்டில் கோர் எடுத்தால் அடி உதிரும்.

இங்கே மேலே பூச்சு அடிக்கவே கூடாது. கீழிருந்து ஏறும் ஈரம் ஆவியாக வெளியேறும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். கெட்ட அடுக்கை முழு ஆழத்துக்கும் மில்லிங் செய்து (இயந்திரத்தால் சுரண்டி) எடுக்க வேண்டும். 50 மி.மீ. அடுக்கில் 30 மி.மீ. மட்டும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவது பலமுறை நடக்கிறது. மிச்சம் 20 மி.மீ. பாதி உரிந்த நிலையில் ஈரத்தோடு அடியில் அடைபட்டுக் கிடக்கும். மில்லிங் செய்த பள்ளம் மழையில் நனைந்தால் அன்றிரவு புது அடுக்கு வேண்டாம்.

அப்புறம் நீரின் மூலத்துக்கு வாருங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான களிமண் பகுதிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சாலையின் அடித்தளத்தை எட்டிவிடும். ஜி.எஸ்.பி. எனப்படும் வடிகால் அடுக்கு போட்டிருப்பார்கள். அந்த அடுக்கின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். புறநகர்ச் சாலையில் அது சரிவுவரை நீண்டு திறந்திருக்கும். நகரத்துக்குள் இரு பக்கமும் மழைநீர் வடிகாலின் கான்கிரீட் சுவர் நிற்கிறது. நீர் போக இடமில்லாமல் சாலையின் அடித்தளம் தொட்டியாகிவிடுகிறது. வடிகால் சுவரில், ஜி.எஸ்.பி. அடுக்கின் அடிமட்டத்தில், கசிவுத் துளைகள் இருக்க வேண்டும். அவற்றின் பின்னால் துணிவடிகட்டி வைத்த ஜல்லி இருக்க வேண்டும். துளை இருந்தும் வடிகாலில் எப்போதும் தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேலே நின்றால் துளை வழியே நீர் உள்ளேதான் வரும். எனவே துளை போடுவதற்கு முன் வடிகாலில் நிற்கும் நீர்மட்டத்தை மழையில்லாத நாளிலும் மழைக்கு மறுநாளும் அளந்து பாருங்கள். இதைக் கவனிக்காமல் எந்த உயர்தரத் தாரும் இந்த இடத்தைக் காப்பாற்றாது.

அடுக்கு பிறை வடிவில் வழுக்கி வெடிக்கிறது, தகடாகப் பெயர்கிறது

கோர் எடுத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்து வரும். இரண்டு துண்டும் கெட்டியாகவே இருக்கும். இது டாக் கோட் (அடுக்குகளை ஒட்டவைக்கும் தார்ப்பூச்சு) பிழை. ஈரமான அல்லது புழுதி படிந்த தளத்தில் எமல்ஷன் (நீரில் கலந்த தார்) அடித்திருப்பார்கள், அல்லது எமல்ஷன் உடைவதற்கு முன்பே கலவையைக் கொட்டியிருப்பார்கள். பழுப்பு நிறம் கறுப்பாக மாறிய பிறகுதான் அதிலிருந்த நீர் பிரிந்தது என்று பொருள். பழைய தார் அடுக்கின் மேல் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ வரை எமல்ஷன் வேண்டும். வாளியால் வீசி ஊற்றினால் ஓரிடத்தில் குளமும் ஓரிடத்தில் வறட்சியும்தான் மிஞ்சும், ஸ்பிரேயர் வேண்டும். மில்லிங் செய்த பரப்பில் பள்ளக்கோடுகளுக்குள் தூள் ஒட்டியிருப்பதால் துடைப்பம் போதாது, கம்ப்ரசர் காற்று அடியுங்கள். புதிய வெட்மிக்ஸ் (ஈரமாகக் கலந்து உருட்டிய ஜல்லி) அடித்தளத்தின் மேல் பிரைம் கோட் எனும் முதல் பூச்சு அடித்தால் குறைந்தது 24 மணி நேரம் ஆற விடுங்கள். கடற்காற்றின் ஈரப்பதத்தில் அதற்கு மேலும் ஆகும்.

பிளான்ட்டிலேயே தெரியும் அறிகுறிகள்

டிப்பரில் விழுந்த கலவை குவியாமல் சாய்ந்து பரவுகிறது, வெள்ளை ஆவி அடங்காமல் வருகிறது, பின்கதவில் நீர் சொட்டுகிறது, கல் பளபளப்பில்லாமல் பழுப்பாகத் தெரிகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கல்லுக்குள் ஈரம் மிச்சம் இருக்கலாம். வெளிப்பரப்பு காய்ந்து வெப்பமானி 160 டிகிரி காட்டும், கல்லின் துளைக்குள் நீர் இருக்கும். தார் பூசியபின் அது ஆவியாகிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சூடான ஜல்லியின் மேல் குளிர்ந்த கண்ணாடித் துண்டை நீட்டிப் பாருங்கள். பனித்தால் லோடை அனுப்பாதீர்கள்.

தீர்வு பர்னரைக் கூட்டுவது என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கல்லை 30 டிகிரியிலிருந்து 160 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 115 மெகாஜூல் போதும். அதே டன்னில் 5 சதவீத ஈரம் இருந்தால் அந்த 50 கிலோ நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 127 மெகாஜூல் வேண்டும், அதாவது கல்லுக்கு ஆவதைவிட நீருக்கு அதிகம். டன் எண்ணிக்கையைக் குறைக்காமல் பர்னரை மட்டும் கூட்டினால் பரப்பு வெந்து தார் கருகும், உள் ஈரம் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் உற்பத்தி வேகத்தைக் குறைத்து, கல் உலர்த்தும் டிரம்முக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டுவதே வழி.

அதைவிட நல்லது ஈரத்தை டிரம்முக்கு அனுப்பாமல் இருப்பது. 20 மி.மீ. ஜல்லிக் குவியல் ஒரே இரவில் வடிந்துவிடும். நீரைப் பிடித்துவைப்பது க்ரஷர் டஸ்ட் எனும் நுண்கல்தூள்தான். கூரை போடப் பணம் அளவாக இருந்தால் டஸ்ட் குவியலுக்கு மட்டும் போடுங்கள். குவியலின் தளம் சரிவாக இருக்கட்டும். லோடர் அடியிலிருந்து அரை அடி விட்டு அள்ளட்டும். காலையில் 2 கிலோ டஸ்டை எடைபோட்டு, அடுப்பில் வறுத்து, எடை மாறாமல் நின்றதும் மறுபடி எடைபோடுங்கள். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் ஈர சதவீதம். மழை நாளில் இதை மதியமும் செய்யுங்கள்.

தார்த் தொட்டியில் நுரை பொங்கினால் நீர் கலந்திருக்கிறது. பர்னரை நிறுத்தி, நுரை அடங்கியதும் மெதுவாகச் சூடேற்றி நீரை விரட்டுங்கள். பொங்கி வழிந்தால் தீப்பிடிக்கும்.

ஆய்வகத்தில் இழுவிசை விகிதம் 80 சதவீதத்துக்குக் கீழே வருகிறது

நீரில் வைத்த மாதிரியின் மறைமுக இழுவிசைப் பலத்தை உலர்ந்த மாதிரியின் பலத்தால் வகுத்தால் கிடைப்பது டி.எஸ்.ஆர். ஆஷ்டோ டி 283 என்ற அமெரிக்கச் சோதனை முறைப்படி அது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. முடிவு குறைந்தால் முதலில் சோதனையையே சோதியுங்கள்.

மாதிரிகளின் காற்றிடைவெளி 7 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வழக்கம்போல் சுத்தியலால் 75 அடி கொடுத்து 4 சதவீதத்தில் மாதிரி செய்தால் நீர் நுழையாமல் பொய்யான தேர்ச்சி கிடைக்கும். 101.6 மி.மீ. விட்டமும் 63.5 மி.மீ. உயரமும் உள்ள மார்ஷல் மாதிரியின் கன அளவு 515 க.செ.மீ. அதில் 7 சதவீதம் 36 க.செ.மீ. வெற்றிடம். வெற்றிடத்தில் 70 முதல் 80 சதவீதம் நீர் நிறைய வேண்டும் என்பதால், நீருக்குள் வைத்து வாக்குவத்தால் காற்றை உறிஞ்சிய பின் மாதிரி 25 முதல் 29 கிராம் வரை கூடியிருக்க வேண்டும். 29 கிராமைத் தாண்டினால் மாதிரியைத் தூக்கிப்போடுங்கள். காயவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். பிறகு 60 டிகிரி நீரில் 24 மணி நேரம், 25 டிகிரியில் 2 மணி நேரம், நிமிடத்துக்கு 50 மி.மீ. வேகத்தில் பாரம். உலர்ந்தது 9.0 கிலோநியூட்டனிலும் ஈரமானது 6.6 கிலோநியூட்டனிலும் உடைந்தால் பலம் முறையே 888, 651 கிலோபாஸ்கல், விகிதம் 73. தேறவில்லை.

விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உலர்ந்த பலமே மிகக் குறைவாக இருந்தால் விகிதம் 90 வந்தும் பயனில்லை. இரண்டு எண்ணையும் அறிக்கையில் கேளுங்கள்.

சோதனை சரியாகச் செய்தும் விகிதம் குறைந்தால், தூளைப் பாருங்கள். பெரிய ஜல்லியைக் கழுவிச் சலித்தால் 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்மேல் ஒட்டிய களிமண்தூளின் மீது தார் பூசினால் தார் தூளோடுதான் ஒட்டும், கல்லோடு ஒட்டாது. நுண்பொருளின் நெகிழ்மைக் குறியீடு (களிமண் தன்மையின் அளவு) 4க்கு மேல் போனால் டஸ்டில் மேல்மண் கலந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மருந்து சேர்ப்பது வீண்.

தூளும் சரி என்றால் அடுத்தது நீற்றிய சுண்ணாம்பு, கலவையில் 2 சதவீதம், அந்த அளவுக்கு நுண்கல்லைக் குறைத்து. நீறாத சுண்ணாம்போ சுண்ணாம்புக்கல் தூளோ இதற்கு ஈடாகாது. நீறாதது பின்னால் நீரைக் குடித்து உப்பும். திறந்து கிடந்த பழைய மூட்டையும் வேண்டாம். காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகிவிட்டிருக்கும். டிரம் மிக்ஸ் பிளான்ட்டில் சுண்ணாம்பைக் கன்வேயரில் உலர்வாகத் தூவினால் கணிசமான பகுதி புகைபோக்கியோடு போய்விடும். ஈரக் கல்லோடு கலந்து அனுப்புங்கள், அல்லது தார் விழும் இடத்துக்கு அருகில் தனிக்குழாய் வையுங்கள்.

திரவ ஒட்டுமருந்து (தார் கல்லில் ஒட்டச் சேர்ப்பது) என்றால் பொதுவாகத் தாரின் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம், 10 டன் தொட்டிக்கு 25 முதல் 50 கிலோ. மேலே ஊற்றிவிட்டுப் போனால் கலக்காது, பம்பில் சுற்றவிட வேண்டும். அமீன் வகை மருந்துகளில் பல, சூடான தாரில் நாட்கணக்கில் கிடந்தால் வீரியம் இழக்கும். அதனால் சோதனைக்குப் புதுத் தாரை எடுக்காமல் தொட்டித் தாரையே எடுங்கள். விரைவுச் சோதனைக்குக் கொதிநீர் முறை போதும்: 250 கிராம் கலவையைக் கொதிக்கும் நீரில் 10 நிமிடம் வைத்து, மிதக்கும் தாரை முதலில் வழித்தெடுத்து, வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். மருந்து சேர்த்ததும் சேர்க்காததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணே சொல்லும்.

ஒட்டுப் போட்ட குழி மறுமழையில் மறுபடி திறக்கிறது

குழியின் அளவுக்கு மட்டும் நிரப்பியிருப்பார்கள். குழியைச் சுற்றியுள்ள கல்லும் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருக்கும். கெட்டியான அடுக்கு தெரியும்வரை, கண்ணுக்குத் தெரியும் விளிம்பிலிருந்து குறைந்தது 100 மி.மீ. வெளியே தள்ளி, செங்குத்துச் சுவரோடு சதுரமாக வெட்டுங்கள். நீரை இறைத்து, துணியால் ஒற்றி, புளோயர் காற்றில் அடியையும் சுவரையும் உலர்த்துங்கள். சுவருக்கும் டாக் கோட் அடிக்க வேண்டும். பலரும் அடிக்கு மட்டும் அடிக்கிறார்கள், நீர் அந்தச் சுவர் இணைப்பு வழியாகத்தான் நுழைகிறது. ஆழம் 75 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரண்டு அடுக்காக நிரப்பி, ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு இறுக்குங்கள். முடிந்ததும் இணைப்பின் மேல் சூடான தாரைப் பட்டையாக இழுங்கள்.

நடு மழையில் அவசரத்துக்குப் போடும்போது எமல்ஷன் குளிர்கலவையைத் தவிருங்கள். அதில் உள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும், நவம்பரில் அது நடக்காது. மூட்டையில் வரும் கரைப்பான் வகைக் குளிர்கலவை ஈரக்குழியிலும் பிடிக்கும். ஆனால் அதைத் தற்காலிகம் என்று பதிவேட்டில் எழுதி, ஜனவரியில் வெட்டியெடுத்துச் சூடான கலவையால் நிரப்பும் பட்டியலில் அந்தக் குழியின் இடத்தையும் சேர்த்துவிடுங்கள்.